துபாய் எவ்வளவு தூரம்?

துபாயிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்தில் பறந்து வந்த அக்கா வீட்டுக்காரர், அறந்தாங்கி வரும் வழியில் ஊருக்கு ஊர் காரை நிறுத்தி டீ குடித்தார்.

"பிளேனையும் இப்படித்தான் நிப்பாட்டச் சொன்னீங்களா மச்சான்?" என்றேன்.

"பாப்பா என்னைய போன்லதான் பாத்திருக்கு மாப்ள. நேர்ல பாத்து அழுதுட்டா?"

வீட்டுக்குப் போனதும் பாப்பா அழத்தான் செய்தது. அக்கா சேலைக்குள் ஒளிந்துகொண்டது. நான் மச்சானை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், "வீடியோ கால் போடுங்க" என்றேன்.

அக்கா போனில் அவர் முகம் தெரிந்ததும் பாப்பா "அப்பா!" என்று குதித்தது. பேசிக்கொண்டே அவர் உள்ளே வந்தார். பாப்பா போனைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவரிடம் தாவியது.

துபாய் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மச்சானிடம் சொல்லவில்லை; சொன்னால் அவர் என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிடுவார்.