ருசி பார்க்காத சூப்

சிக்கந்தருக்கு வாய் சும்மா இருக்காது. பர்மா ரோட்டுக் காப்பிக் கடையில் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே, வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏன், எதற்கு என்று குடைந்துகொண்டிருப்பார். கம்ப்யூட்டர் சிப்புக்குள் என்னதான் இருக்கிறது என்று இவர் கேட்ட கேள்வியில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்ட கதையும் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். மனைவி சபூராவைச் சிறுநீரக டாக்டரிடம் கூட்டிப்போனால், உள்ளே போகாமல் வெளியே மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருப்பார். என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அதே கூரையின் கீழ் பக்கத்துக் கடை மெய் லான் ஆண்ட்டியுடையது. சீன மருந்து சூப் விற்கிறவர். கறுப்பு பீன்ஸ், வால்நட், சிவந்த கோஜிப் பழம் எல்லாம் பன்றிச் சிறுநீரகத்தோடு மணிக்கணக்கில் கொதிக்கும். கறுப்பாக இருப்பது சிறுநீரகத்துக்குப் பலம் என்பது சீன வைத்தியக் கணக்கு. பன்றி என்பதால் சிக்கந்தரால் அதை வாயில் வைக்க முடியாது. வாசம் மட்டும் ஓசி. வேடிக்கை என்னவென்றால், ஆண்ட்டியும் தன் சூப்பை ருசி பார்ப்பதில்லை. காப்பி கலக்குகிறவரைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வார். சைவம் போலிருக்கிறது என்று சிக்கந்தராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

"பன்னி இல்லாம, கோழி போட்டு வைக்கலாமா ஆண்ட்டி? எனக்கு இடுப்பு வலி லா," என்று ஒருநாள் மலாயில் புளுகினார். தன் நோயை வெளியே சொல்லக் கூடாது என்று சபூரா சத்தியம் வாங்கியிருந்தாள்.

"கருங்கோழி போடு அண்ணே. கறுப்பு எள்ளும் கொஞ்சம் சேர்த்துக்க."

மறுநாளே புதுச் சட்டி, கருங்கோழி எல்லாம் வந்துவிட்டன. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் தன் அடுப்பில் ஏற்றினார். அடேயப்பா, என்ன வாசம்! சூப் கன்னங்கரேலென்று கொதித்தது. ஒரு கரண்டி மொண்டு ஆண்ட்டியிடம் நீட்டினார்.

"நீங்க சொன்னபடிதான். உப்புப் பாருங்க."

"வேணாம் அண்ணே."

"ஒரே ஒரு வாய்."

"வேணாம்னா விடேன்!"

சிக்கந்தருக்குச் சுருக்கென்றது. "நான் சமைச்சா குடிக்க மாட்டீங்களா? இது எனக்கில்ல ஆண்ட்டி, சபூராவுக்கு. அவளுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. சரியா வந்திருக்கான்னு வேற யாருகிட்ட நான் கேட்பேன்?"

ஆண்ட்டி முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு, எந்த வெயிலிலும் மடக்காத நீளக்கைச் சட்டையை இடது கையில் மேலே சுருட்டினார். நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. மேலெல்லாம் ஊசித் தழும்பு.

"டயாலிசிஸ்," என்றார். "இந்த சூப் நல்ல கிட்னிக்குத்தான் அண்ணே. என்னை மாதிரி ஆளுக்கு பீன்ஸில இருக்கிற பொட்டாசியம் ஏறினா நெஞ்சே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் விக்கிறேன், குடிக்கிறதில்ல. உன் பொண்டாட்டி எது சாப்பிடலாம், எது கூடாதுன்னு அவ டாக்டர் என்ன சொன்னாரு?"

ஊர்ச் சங்கதியெல்லாம் துருவிய மனிதர், பாவம், இதைக் கேட்காமலே இருந்துவிட்டார்.

சூப் காப்பிக்காரருக்குப் போயிற்று. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலில் சபூரா வழக்கம்போல், "இங்கேயே இருங்க, வந்துடுறேன்," என்றாள். சிக்கந்தர் மோட்டார் சாவியை உருவிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். டாக்டர் உட்காரச் சொல்வதற்குள் சிக்கந்தருக்கு வாய் வந்துவிட்டது.

"டாக்டர், இவ என்னென்ன சாப்பிடலாம்? ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான்தான் சமைக்கப்போறேன்."