வாய் தவறி ஒரு "வாங்க"

வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவளுக்குச் சோறு வடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. யார் எங்கே வழுக்கி விழுவார்கள் என்று முன்கூட்டியே பயப்படவும் தெரிய வேண்டும். ஈப்போவில் என்னைப் போல் வாடகைக்கு ஆள் வைத்துக்கொண்டு அவதிப்படும் அக்காமாருக்கு இது புரியும். என் வீட்டுக்காரர் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், எப்போதாவதுதான் வருவார். வீட்டில் நானும், தவழும் மகளும், வாடகைக்காரர்களும். கொல்லையில் ஒரு பழைய ஈயக் குழி. ஈயம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், தண்ணீர் மட்டும் நிற்கிறது. யாராவது அதில் விழுந்து, வழக்கு வந்து, வீடே கையைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

மூன்று ஜாதி

என் வாடகைக்காரர் சாமுவேல் அண்ணன் வக்கீல் ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி. என் பயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்கு வர்றவங்க சட்டத்துல மூணு ஜாதி, தங்கச்சி. நீ காரியமா வரவழைச்சவன் விழுந்தா உன் பாடு திண்டாட்டம். போனாப் போவுதுன்னு விட்டவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைச் சொல்லி வைக்கணும். கேக்காம நுழைஞ்சவனுக்குப் பொறி வைக்காம இருந்தாப் போதும்."

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, ஜவுளி மூட்டையோடு ஒரு பாய் வாசலில் எட்டிப் பார்த்தார். பழக்கதோஷம், "வாங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருன்னே தெரியாது, அதுக்குள்ள முதல் ஜாதியில சேத்துட்டியே!"

பலகை

கான்வென்டில் மதர் பழக்கிய முத்து முத்தான கையெழுத்தில், அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர் என்று இங்கிலீஷில் எழுதிக் கொல்லை வழியில் நட்டேன். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. மறுநாளே கோப்பெங்கிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்து, பலகைக்கு அடியிலேயே பெட்டி படுக்கையை இறக்கினார்கள். "குழி இருக்கு, அங்கேயே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாள் சிரித்த முகமாகக் கேட்டாள்:

"போர்டு பார்த்துட்டுத்தான் வந்தோம், ரூம் காத்தோட்டமா இருக்குமா?"

வழியனுப்புதல்

எங்கள் கொல்லை வழியாகப் போனால் கள்ளுக்கடை கிட்டே. லாரியில் வேலை செய்யும் மாணிக்கம் தினமும் அப்படித்தான் போவார். ஒருநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தைரியத்தை எல்லாம் திரட்டி, "இது வீட்டு நிலம், குழியோரம் மண்ணு சரியுது, இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றேன்.

"நீங்களே வரச் சொல்றீங்க, நாளைக்கு வாரேன் அக்கா."

குழி

வந்தார். மழை விட்ட சாயங்காலம், கரை சரிந்து, கழுத்தளவு தண்ணீரில் கிடந்து அலறினார். மகளைத் தூளியில் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த புடவையை உருவிக்கொண்டு ஓடினேன். சாமுவேல் அண்ணனும் ஓடி வந்தார். புடவையை வீசி, "வாங்க, இப்படி வாங்க!" என்று கத்தியது நான்தான். கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. "அண்ணே, இவரு இப்ப எந்த ஜாதி?" என்றேன். "முதல்ல இழு தங்கச்சி, ஜாதியை அப்புறம் பாத்துக்கலாம்!" என்றார்.

மாணிக்கத்துக்குக் கால் முறிந்திருந்தது. வக்கீல் நோட்டீஸ் எப்போது வருமோ என்று தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் மகளை அள்ளி அணைத்துக்கொள்வேன். கடைசியில் வந்தது மாணிக்கமேதான், கட்டுப் போட்ட காலோடு, கம்பை ஊன்றிக்கொண்டு. "கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டேவிட்டேன். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

"கேஸா! எங்க போற வழியில விழுந்தேன்னு கோர்ட்டுல கேப்பாங்களே, என் பொண்டாட்டிகிட்ட கோயிலுக்குன்னுல்ல சொல்லி வச்சிருக்கேன், அக்கா!"

குழியைச் சுற்றி இப்போது வேலி அடித்தாகிவிட்டது. என் வாய்க்கு வேலி அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.