முகம் தெரிந்த ஒரே படம்

கனடாவில் நான் இருக்கும் சிறு நகரத்தில், படம் எடுக்கும் முன் நான் கேட்கும் கேள்வி யாருக்கும் விளங்குவதில்லை. போன சனிக்கிழமை இங்கே பிரைட் ஊர்வலம். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவதை ஒளிக்காமல், வானவில் கொடியோடு தெருவில் நடக்கிற நாள். மேயர் நடந்தார், தீயணைப்பு வண்டி வந்தது, நாய்களுக்குக்கூட ரிப்பன். கைகோத்து வந்த இரண்டு பெண்களிடம், "இந்தப் படத்தை யார் பார்த்தாலும் பரவாயில்லையா?" என்று கேட்டேன். என்னைப் பத்திரிகைக்காரி என்று நினைத்துவிட்டார்கள். "முதல் பக்கத்திலேயே போடுங்கள்!" என்று கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

போன வருடம் லீவில் இலங்கைக்குப் போனபோது கண்டியிலும் ஒரு பிரைட் நடந்தது. ஊர்வலமெல்லாம் கிடையாது. ஒரு மாடி மண்டபம், இழுத்துவிட்ட ஜன்னல் திரைகள், கேக், பாட்டு, அவ்வளவுதான். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டவள் ரமணி. தெல்தோட்டையில் டீச்சர், பிலிமத்தலாவை ஸ்டூடியோவில் நான் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்துப் பழக்கம். வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, கை, கால், முதுகு எத வேணும்னாலும் எடுங்க. மூஞ்சி மட்டும் வேணாங்க. வீட்டுல தெரிஞ்சா என்னைய தொலைச்சிருவாங்க." கடைசியில் அவளே தன் காதலி சாந்தியை இழுத்துக்கொண்டு வந்தாள். "எங்க ரெண்டு பேரையும் ஒன்னு எடுங்கக்கா. மூஞ்சியோட. எங்களுக்கு மட்டும்." அடடா, என்ன அழகாக வந்தது தெரியுமா அந்தப் படம்!

ஸ்டூடியோவில் ஒரு வழக்கம். நல்ல படம் அமைந்தால் யாரையும் கேட்காமல் கடைக் கண்ணாடிக்குள் மாட்டிவிடுவோம். பெண்வீட்டாருக்கும் அது பெருமைதான். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ரமணிக்கு அனுப்பிய கையோடு, கனடா திரும்பியதும் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். அவள் வீட்டார் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லையே என்ற தைரியம். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவை மறந்துபோனேன். வெளிநாட்டு மகளின் ஸ்டேட்டஸை அம்மா தனியாகப் பார்ப்பதே இல்லை. "எம்மவ எடுத்தது, பாருங்க" என்று லயத்து வரிசை வீடுகளில் காம்பிரா காம்பிராவாகப் போனைக் கொண்டுபோய்க் காட்டுவார். பக்கத்துக் காம்பிரா மருமகள் தெல்தோட்டைக்காரி. டீச்சரை அவளுக்குத் தெரியாதா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ரமணியின் அண்ணன், என் அம்மாவிடம் நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டான். "வெளிநாட்டுல ஒக்காந்துக்கிட்டு எங்க மானத்த வாங்குறீங்களா?" பயந்துபோய் போன், கம்ப்யூட்டர், கேமரா கார்டு எல்லாவற்றிலிருந்தும் அந்தப் படத்தை அழித்தேன். அழித்தால் நடந்ததும் இல்லையென்று ஆகிவிடுமா? ரமணியை வீட்டை விட்டுத் துரத்திவிட்டதாக அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை.

நேற்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நானும் சாந்தியும் கண்டியில ஒரு ரூம் எடுத்து இருக்கோம். அந்தப் படத்த அனுப்புங்கக்கா, செவுத்துல மாட்டணும். என் போன்ல இருந்தத அண்ணன் அழிச்சிருச்சு."

கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"நீங்களுமாக்கா?" என்றாள்.

கண்டியில் எடுத்த மற்றப் படங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். வெளியே இந்த ஊர்க் கொடிகளை இன்னும் கழற்றவில்லை. கைகள், கால்கள், முதுகுகள். என் ஊர்ச் சனம், ஒரு முகம்கூட இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவர்கள் இருவரும் இதில் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.