நிறுத்தாமல் ஓடிய உறுமி

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டு படிக்கலாம். குகனைத் தெரிந்தவர்கள் அப்படிப் படிக்க மாட்டார்கள். பொய் சொல்லிப் பிழைக்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. புது சிந்தசைசர் கீபோர்டு ஒன்றை வாங்கி வந்து, "இது பழசுதான்" என்று மனைவியிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிற ஆள். இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, வெள்ளைப் புடவை என்று காத்திருக்காதீர்கள். இது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். தெருவில் சட்டி வைத்தால் முட்டை பொரிக்கலாம் போல வெயில்.

குகனுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. வீடு ஈஜோக் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எழும்பிய ஒரு புதுக் குடியிருப்புத் தாமானில், கடைசி வரிசை. முன்பு அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் நாலாவது டிவிஷன் இருந்தது. தொழிலாளர் லயங்களை இடித்து, மண்ணை நிரவி, வரிசை வீடு கட்டி விற்றார்கள். கோயிலையும் எடுத்துவிட்டார்கள். அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று விசாரிக்க குகனுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது அறையை மியூசிக் ரூம் ஆக்கலாமா என்பதுதான் அவன் கவலை.

ஆக்கினான். அந்த அறைக்குள் போன பணம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பாட்டு அமைக்கிற மென்பொருள், அதற்குள் போடுகிற இன்னும் பத்து மென்பொருள், இரண்டு சிந்தசைசர், விரலால் தட்டினால் மேளம் பேசுகிற ஒரு பேட் பெட்டி. மாதம் ஒரு பொட்டலம் வாசலில் வந்து நிற்கும். அவன் மனைவி நித்தியா கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். அமைதியானவள், ஆனால் நாக்கில் மிளகாய் உண்டு.

"அடுப்புலயும் நாலு பட்டன் இருக்குங்க. அத என்னைக்காவது திருகிப் பாக்கலாம்ல?" என்பாள்.

சாமி பூதம் எதுவும் அவளிடம் நெருங்கியதில்லை. கோயிலில் மேளம் உச்சத்துக்குப் போனால் காதைப் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடுகிறவள். அவள்மேல் குகனுக்கு உயிர். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் குகனுக்குப் புது யோசனை வந்தது. நம்ம ஊர் உறுமியை சிந்தசைசரோடு சேர்த்தால் எப்படி இருக்கும்? பெஸ்தாரி ஜெயாவில் உறுமி மேளக் குழு வைத்திருக்கும் புனிதன் அவனோடும் நித்தியாவோடும் ஒரே பள்ளியில் படித்தவன். கூப்பிட்டதும் தோளில் உறுமியோடு வந்துவிட்டான். ஒவ்வோர் அடியாகத் தனித்தனியே அடித்துக் கொடுத்தான். எல்லாம் பேட் பெட்டிக்குள் போனது.

"மச்சான், கோயில்ல சாமி வர்றப்ப அடிப்பியே... அது ஒண்ணு குடு."

புனிதன் குச்சியைக் கீழே வைத்தான்.

"அழைப்பு அடியா? அத வீட்டுல அடிக்கக் கூடாதுடா."

"சும்மா ரெக்கார்டிங்தான்லா."

"நமக்கு ரெக்கார்டிங். அதுக்குத் தெரியுமா?" கொஞ்சம் யோசித்தான். "சரி. அழைச்சா திருப்பி அனுப்பணும். மலையேத்துற அடியையும் சேர்த்து அடிக்கிறேன். ரெண்டையும் பிரிக்காத."

குகன் தலையாட்டினான். அடுத்த வாரமே பிரித்தான்.

குற்றம் தள்ளுபடி விலையின்மேல். நாற்பது வயலின் ஒன்றாக வாசிக்கிற ஒரு மென்பொருள் பாதி விலைக்கு வந்தது. வாங்கிவிட்டான். இறக்கப் போனால் கணினியில் இடம் இல்லை. எதை அழிக்கலாம் என்று பார்த்தான். அழைப்பு அடி கச்சிதமாக இருந்தது, சுழலவிட ஏற்றது. மலையேற்றுகிற அடியோ நீளம், உடைந்து உடைந்து போனது, பாட்டுக்கு உதவாது. அழித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அழைப்பு அடியில் ஒரு துண்டை வெட்டி, முடிந்ததும் தானாகவே தொடங்கும்படி சுழலவிட்டான். அதன்மேல் பொருந்துகிற ஒரு சத்தத்தைத் தேடி சிந்தசைசரைத் திருக ஆரம்பித்தான். இந்தப் பைத்தியம் உள்ளவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு சத்தத்துக்காக அரை நாள் போய்விடும். ஸ்பீக்கரில் உறுமி உறுமிக்கொண்டே இருந்தது. அது வா, வா என்று கூப்பிடுகிற அடி. மூன்று மணி நேரம் கூப்பிட்டது.

நடுவில் ஒரு வாசம் வந்தது. வயர் கருகுகிறதோ என்று சிந்தசைசரின் பின்பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தான். இல்லை. புளித்த வாசம். சின்ன வயதில் அப்பாவின் சட்டையில் வந்த வாசம். ரப்பர் பால்.

சுற்றி எத்தனையோ மைலுக்கு ரப்பர் மரமே கிடையாது.

ஜன்னலைத் திறந்தான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் மான் வளர்க்கிற மெர்போக் புறா நாள் முழுக்கக் கூவும். அன்றைக்குச் சத்தமில்லை. கூண்டின் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, குகன் வீட்டுச் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தான். சமையலறையில் நித்தியா சம்பல் இடிக்கிற சத்தம். டொக்... டொக்... டொக்... மேளத்தோடு அச்சாகச் சேர்ந்து விழுந்தது. குகனுக்குச் சிரிப்பு வந்தது. காதைப் பொத்துகிறவள் தாளம் போடுகிறாளே!

மணி 12.10. பசித்தது. சுழன்றுகொண்டிருந்த லூப்பை நிறுத்தினான்.

டொக்... டொக்... டொக்...

அது நிற்கவில்லை. அதே வேகம்.

"நித்தி, சாப்பாடு ஆச்சா?"

டொக்... டொக்...

சமையலறைக்குப் போனான். இடிகல் கழுவிக் கவிழ்த்தபடி அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தது. நித்தியா ஜன்னலைப் பார்த்து நின்றாள். கை இரண்டும் தொங்கின. வலது குதிகால் மட்டும் எழும்பி எழும்பித் தரையில் விழுந்தது.

டொக்... டொக்...

"விளையாடாத நித்தி."

தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. குனிந்து முகத்தைப் பார்த்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. புளித்த வாசம் அவள் முடியிலிருந்து வந்தது.

ஓடினான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கினான். ஸ்பீக்கர் செத்தது.

டொக்... டொக்... டொக்...

என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதன் தெரிந்ததைச் செய்வான். மடிக்கணினியில் தாள வேகத்தை அளக்கிற ஒரு பட்டன் உண்டு. அவள் காலோடு சேர்த்து அதைத் தட்டினான். நிமிடத்துக்கு 96.0 அடி என்று காட்டியது. மறுபடி தட்டினான். 96.0. அவன் கை நடுங்கியது, எண் நடுங்கவில்லை. மனிதக் கால் என்றால் கொஞ்சமாவது முன்பின் ஆகும்.

புனிதனுக்குப் போன் அடித்தான். அவன் பாகான் நக்கோடா ஓமாரில் ஒரு கோயில் திருவிழாவில் இருந்தான். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"மச்சான், நித்தியா... கால் நிக்க மாட்டேங்குது."

"எத போட்ட?"

"அழைப்பு."

"எவ்ளோ நேரம்?"

"காலையிலேருந்து."

"மலையேத்துற அடியப் போடு. சீக்கிரம்."

"அழிச்சிட்டேன்டா."

"அட பாவி! அங்க கோயிலும் இல்ல, பூசாரியும் இல்ல. யாரு வந்திருக்கான்னு முதல்ல கேளு. மரியாதையா கேளு."

குகன் சமையலறை வாசலில் நின்றான்.

"யாரு... யாரு வந்திருக்கீங்க?"

அவள் திரும்பவில்லை. குரல் அவளுடையதுதான். பேசிய விதம் அவளுடையது இல்லை.

"கூப்பிட்டது நீதான... யார கூப்பிட்ட?"

புனிதனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "நான் இங்கேருந்து அடிக்கிறேன், ஸ்பீக்கர்ல போடு" என்று கத்தினான்.

போனில் எதுவும் வரவில்லை. போன் பேச்சுக் குரலை மட்டும் உள்ளே விட்டு, மேளத்தை இரைச்சல் என்று வடிகட்டித் தள்ளியது. புனிதனின் மூச்சும் கூட்டச் சத்தமும் மட்டும் கேட்டன.

"கேக்கலடா!"

"அப்ப வாயால சொல்றேன். நீ பெட்டியில தட்டு."

பிளக்கைச் செருகினான். பேட் பெட்டியை அதன் நீள வயரோடு எடுத்துவந்து சமையலறை மேசையில் வைத்தான். போன் பக்கத்தில்.

"டும்... உர்ர்ர்... டண் டண்... நிறுத்து. டும்..."

தட்டினான். புனிதன் சொல்லச் சொல்லத் தட்டினான். ஒவ்வோர் அடியும் ஸ்பீக்கரில் உறுமியது.

குதிகால் தடுமாறியது.

"டண்... உர்ர்ர்... டண்..."

மெதுவானது.

போனில் கூட்டச் சத்தம் அடங்கியிருந்தது. புனிதன் ஓரமாக ஒதுங்கியிருப்பான் என்று நினைத்தான். குரலும் நிதானமாகிவிட்டது. அவசரமே இல்லை.

"டும்... டும்... உர்ர்ர்... அப்படித்தான்... இன்னும்..."

விரல் வலித்தது. விடவில்லை.

டொக்...

...

டொக்...

...

"போதும்," என்றது போன். "நிறுத்து."

நிறுத்தினான்.

அமைதி.

"ஏங்க..." நித்தியா திரும்பினாள். "கால் வலிக்குது. எவ்ளோ நேரமா நிக்கிறேன்?"

குகன் தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். வெட்கமே படவில்லை. குதிகால் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. தைலம் தடவினான். சோறு போட்டுக் கொடுத்தான். தானாக இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எல்லா சிந்தசைசரையும் விற்றுவிடுகிறேன் என்றான். அவள் சிரித்தாள். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை அவன் அந்த அறைப் பக்கம் போகவில்லை.

ஆறு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள். புனிதன் உறுமியோடு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்டா போன எடுக்கல? எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா?"

"நீ அடிக்கலையே. அதான் முடிஞ்சிருச்சே. நீதான போதும்னு சொன்ன?"

புனிதன் அவனைப் பார்த்தான்.

"நான் எப்ப சொன்னேன்? மூணு வரிகூட சொல்லி முடிக்கல. லைன் கட்டாயிருச்சு."

குகன் போனை எடுத்துப் பார்த்தான். புனிதனிடமிருந்து வந்த அழைப்பு ஒன்றுகூட இல்லை. அவனே செய்த அழைப்பு மட்டும் இருந்தது. பேசிய நேரம்: 4 நிமிடம் 20 வினாடி.

அவன் தட்டியது அரை மணி நேரத்துக்கு மேல்.

"அப்ப... மிச்சத்த யாரு சொன்னது?"

புனிதன் நேரே மியூசிக் ரூமுக்கு நடந்தான். "என்ன தட்டின? காட்டு," என்றான்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ரெக்கார்ட் அழுத்த மறந்தாலும், கடைசியாகத் தட்டியதை அதுவே பிடித்து வைத்திருக்கும். குகன் மீட்டெடுத்தான். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்கள்.

புனிதன் முதலில் தலையாட்டினான். "இது என்னோடது... இதுவும்..."

பிறகு தலையாட்டுவது நின்றது.

"இதுலேருந்து நான் சொல்லல."

கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கை தன் உறுமியின் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டது, அது தானாக முழங்கிவிடும் என்பதுபோல.

"குகா... இது மலையேத்துற அடி இல்லடா."

"பின்ன?"

"புதுக் கோயில் கட்டுனா அடிப்போம். சாமிய உள்ள கொண்டு போய், இனிமே இதான் உன் இடம், இங்கயே இருன்னு உக்கார வைக்கிறப்ப."

கதவு திறந்தது. நித்தியா தட்டில் டீயோடு நின்றாள். கறுத்த குதிகாலைச் சாதாரணமாக ஊன்றி நடந்து உள்ளே வந்தாள்.

அவளைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் புனிதன். உறுமியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கை இரண்டையும் நெஞ்சுக்கு நேரே கூப்பித் தலைகுனிந்து நின்றான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை.