ஐந்து பங்கு வெயில்

சத்தியப்பிரியா காரைக்குடியில் முத்தரசுவின் ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்த நாளிலிருந்தே எனக்கு அவளைத் தெரியும். என் மகன் கல்யாண ஆல்பத்தில் என் வழுக்கையில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைப் படத்துக்குப் படம் பொறுமையாக அழித்துக் கொடுத்தவள் அவள். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால் இந்தக் கதையில் நான் அவள் பக்கம்தான் பேசுவேன், நடுநிலைமையை வேறு யாரிடமாவது எதிர்பாருங்கள்.

சாக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். முத்தரசுவிடம் வேலைக்குச் சேர்ந்து கணினியில் ஆரம்பித்து, இரண்டாம் கேமரா பிடித்து, கடைசியில் முதல் கேமராவும் அவள்தான் என்று ஆனது. ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் முத்தரசு பெயர்தான் இருக்கும். ஒருநாள் தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொன்னாள். முத்தரசு கோபப்படவில்லை. சிரித்தான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"போய்ப் பாரு பிரியா. உன் நாற்காலியில வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். திரும்பி வருவேல்ல, அப்ப வேணும்" என்றான்.

அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகக்கூடாது. அவளுக்கு அதைத் தவிர வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தொழிலுக்கு அவள் செய்த ஏற்பாடுகளைப் பார்த்து நான் அசந்துபோனேன். எடுத்த படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை மாமியார் வீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். வீடு தீப்பிடித்தாலும் படம் பிழைக்க வேண்டுமாம். தொழிலுக்குத் தனி போன் வாங்கினாள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர். எத்தனை நாளில் ஆல்பம், எத்தனை முறை திருத்தம் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டாள். அதில் கடைசி வரி, "உறவினர் என்பதால் எதுவும் மாறாது." அதைப் படித்த மாமியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஹார்டு டிஸ்க்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை. அது இடம்.

நகரத்தார் வீடு ஒன்றில் ஓர் அறை வாடகைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, கணவன் பாண்டியராஜனோடு ஒரு காலைப்பொழுதில் பார்க்கப் போனாள். அறைக்கு உரிமையாளர் வள்ளியப்பன். அவர் பெரிய கதவைத் திறந்ததும் உள்ளே வளவு தெரிந்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்கு இடையில் வெயில் பளபளவென்று பாய் விரித்தாற்போல் கிடந்தது. சத்தியப்பிரியா பாண்டியராஜனை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். லோடு வேன் ஓட்டி வெயிலில் வதங்கிய மனிதன், அந்தப் படத்தில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கல்யாண ஆல்பத்தில்கூட அவன் அப்படி இருந்ததில்லை. அங்கேயே முன்பணத்தைக் கொடுத்துவிட்டாள். அறையை எட்டித்தான் பார்த்தாள்.

அறை, அந்தக் காலத்தில் சீர்ச் சாமான்களைப் பூட்டி வைக்கக் கட்டியது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் தன் கை தனக்குத் தெரியாது. போட்டோ எடுக்கும் தொழிலுக்கு இருட்டை வாடகைக்கு எடுத்த ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே இவள்தான். விளக்குகளைப் போட்டு ஒரு பொம்மையை எடுத்துப் பார்த்தாள். பொம்மை உரக் கிடங்கில் படுத்திருப்பது போல இருந்தது.

சரி, வளவில் எடுத்துக்கொள்ளலாம் என்று வள்ளியப்பனிடம் கேட்டாள். அவர் தங்கமான மனிதர், ஆனால் நியாயஸ்தர். "அறை என்னுது. வளவு பொது, அஞ்சு பங்கு. அதுல ஒரு பங்கு எனக்கு உண்டு, அங்க நீங்க தாராளமா ஸ்டூல் போட்டுக்கலாம். ஆனா எது என் பங்குன்னு இன்னும் பிரிக்கலை" என்றார்.

இதற்குள் சத்தியப்பிரியா, "செட்டிநாட்டு வளவில், சூரிய வெளிச்சத்தில்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரமும் போட்டுவிட்டாள். அதைப் பார்த்துத் திருப்பத்தூரிலிருந்து யோகலட்சுமி என்ற பெண் தன் கைக்குழந்தையைப் படம் எடுக்க நாள் குறித்துவிட்டாள். முதல் வாடிக்கையாளர். வேண்டாமென்று சொன்னால் ஊரெல்லாம் தெரியும், முத்தரசுவுக்கு முதலில் தெரியும்.

வள்ளியப்பன் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டார். சிங்கப்பூரில் இருப்பவர், மற்றவர்களுக்குச் சம்மதம் என்றால் தமக்கும் சம்மதம் என்றார். சென்னைக்காரரும் அதையே சொன்னார். கோயம்புத்தூர்க்காரரும் அதையே. எல்லோரும் மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்த மற்றவர்கள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் சென்னைக்காரர், போன மழைக்கு உடைந்த கூரை ஓட்டைச் சிங்கப்பூர்க்காரர் மாற்றியது யார் அனுமதியோடு என்று கேட்டார். அதோடு சத்தியப்பிரியாவின் ஸ்டூல் மறந்துபோய், ஓட்டுப் பேச்சு ஒரு வாரம் ஓடியது.

ஐந்தாவது பங்கு கண்ணம்மை ஆச்சி. அந்த வீட்டிலேயே குடியிருப்பவர் அவர் ஒருவர்தான். குழுவில் எதையும் எழுத மாட்டார், எல்லாவற்றையும் படிப்பார். அவருக்கு மோர் மிளகாய் வியாபாரம். தினமும் தாம்பாளம் தாம்பாளமாக மிளகாயை முற்றத்து ஓரம் காயவைப்பார். எந்த இடத்தில் வெயில் மெத்தென்று, முகத்தில் நிழல் விழாமல் வருமோ, சரியாக அந்த இடத்தில்.

ஒருநாள் சத்தியப்பிரியா சோதனைப் படம் எடுக்க ஒரு தாம்பாளத்தைச் சற்று நகர்த்தினாள். ஆச்சி அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடித்துவிட்டார். பொது இடத்தில் பொருளை நகர்த்த உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். சத்தியப்பிரியா பட்டென்று கேட்டுவிட்டாள்.

"மிளகாய் போட நீங்க யாருகிட்ட அனுமதி கேட்டீக ஆச்சி?"

ஆச்சி கோபப்படுவார் என்று நினைத்தாள். ஆச்சி யோசித்தார்.

"நான் கேக்கலை. கேட்டிருந்தா இந்த வீட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒரு மிளகா காஞ்சிருக்காது. ஏத்தா, நீ எதுக்குக் கேட்ட?"

சத்தியப்பிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதும் அழுதாள். அச்சடித்த விதிகளும் இரட்டை டிஸ்க்கும் வைத்திருப்பவள் கேட்காமல் எப்படி இருப்பாள்? நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆச்சி மட்டும் சும்மா இருக்கவில்லை. கேட்டுத் தொலைத்த கேள்விக்குப் பதில் வாங்கியாக வேண்டும், அடுத்த வாரம் படைப்பு வருகிறது, கேமராவைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார்.

படைப்பு என்பது அந்த வீட்டு முன்னோர்களைக் கும்பிடும் நாள். வருடத்தில் அன்று ஒருநாள்தான் பங்காளிகள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள், சிங்கப்பூர்க்காரர் உட்பட. கும்பிட்டு முடித்துக் காலைப் பலகாரமும் ஆனதும், ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று ஆச்சி சொன்னார். யாரும் மறுக்கவில்லை. வீட்டு விஷயத்தில்தான் அவர்களுக்குள் தகராறு, படம் எடுத்துக்கொள்வதில் இல்லை.

அன்று முற்றத்தில் மிளகாய் இல்லை.

சிங்கப்பூர்க்காரரும் சென்னைக்காரரும் ஓட்டுப் பிரச்சினைக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தியப்பிரியா கேமராவுக்குப் பின்னால் போனதும் வேறு ஆளாகிவிட்டாள். "சிங்கப்பூர் சார், இங்குட்டு வாங்க. இன்னும் ஒட்டி நில்லுங்க, அங்க வெளிச்சம் விழுகலை" என்றாள். அவர் வந்து ஒட்டி நின்றார். வள்ளியப்பனை உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரரை மூச்சை இழுத்து வயிற்றை அடக்கச் சொன்னாள், அடக்கினார். எல்லோரையும் ஒரு அடி பின்னால் போகச் சொன்னாள், குடும்பமே ஒரு அடி பின்னால் போனது. சிரிக்கச் சொன்னாள். சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆச்சி வாழ்க்கையில் முதன்முதலாக அந்தக் குழுவில் எழுதினார். மேலே படம். கீழே இப்படி:

"வளவில் படம் எடுக்க அந்தப் பெண் அனுமதி கேட்டிருந்தாள். எல்லாப் பங்கும் வளவில் நின்று எடுத்துக்கொண்டாயிற்று. ஆட்சேபணை உள்ளவர்கள் சிரிக்காமல் நின்றிருக்கலாம்."

முதல் பதிலாகச் சென்னைக்காரர், தம் தொப்பையைக் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஒரு படத்துக்கு இரண்டு திருத்தம் வரை உண்டு என்று சத்தியப்பிரியாவின் விதியை வள்ளியப்பன் எடுத்துப் போட்டார். அதோடு அனுமதி விவகாரம் முடிந்தது.

யோகலட்சுமியின் குழந்தை வந்தது. தூக்கத்திலேயே ஒரு சிரிப்புச் சிரித்தது, அந்த ஒரு படம் போதும் என்று அம்மாக்காரி கண்கலங்கினாள். பத்து மணி அடித்ததும் ஆச்சி தாம்பாளத்தோடு வந்து நின்றார்.

"உன் வெயில் முடிஞ்சிருச்சுத்தா. இனி மிளகாய்க்கு."

அந்த ஒப்பந்தம் மட்டும் எங்கும் அச்சடிக்கப்படவில்லை, ஆனால் ஒருநாளும் தவறியதில்லை. வருகிறவர்களிடம் நேரம் சொல்லும்போதே ஆச்சியின் மிளகாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். சிலர் படத்தோடு மோர் மிளகாயும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் முத்தரசு போன் பண்ணினான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், பாஸ்போர்ட் படத்துக்கு. வெளியூர்க் கல்யாண ஜோடி ஒன்று செட்டிநாட்டு வளவில்தான் படம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறதாம், ஒரு காலை மட்டும் இடம் தர முடியுமா என்று நயமாகக் கேட்டான். சத்தியப்பிரியா அவசரப்படவில்லை. என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வழுக்கையில் வெயில் அடிக்காத கோணத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"வாங்கண்ணே. பத்து மணிக்குள்ள முடிச்சுக்கிருங்க. வரும்போது அந்த நாற்காலியையும் வண்டியில போட்டு எடுத்துட்டு வந்துருங்க. இங்க வர்றவுக உக்கார இடம் பத்தலை."