நான்காவது வரவேற்பு

மெடெயின் நகரின் மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பேட்டையில், புதிதாகக் குடிவந்தவர்தான் பொதுச் சமையல் பானையைத் தேய்க்க வேண்டும். வெனிசுவேலாவிலிருந்து வந்த யுஸ்மாரி முதல் வருஷமே தேய்த்துவிட்டாள். பிறகு ஊரோடு சேர்ந்து மணல் மூட்டை சுமந்து, மேலே ஏறும் படிக்கட்டையும் கட்டினாள். ஆனாலும் நகராட்சியும் தேவாலயமும் கூட்டாக நடத்தும் வரவேற்பு விருந்தில், மாட்டுக்கு முத்திரை குத்துவதுபோல, ஆண்டுதோறும் அவள் நெஞ்சில் ‘புது வரவு’ என்றொரு தாளை ஒட்டிப் படம் பிடித்தார்கள்.

நான்காம் முறை தாளோடு வந்தவர் பவுலினா என்ற நகராட்சி அதிகாரி. யுஸ்மாரி பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பவுலினா அவள் நெஞ்சில் தாளை ஒட்டிவிட்டு, “படத்துக்குக் கொஞ்சம் சிரிங்க” என்றார்.

யுஸ்மாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னும் எத்தனை தடவை என்னை வரவேற்பீங்க? நீங்க ஏறி வந்த படிக்கட்டு நான் மணல் சுமந்து கட்டினது! இந்தப் பேட்டைக்கு நீங்க எப்ப வந்தீங்க?”

“இன்னைக்குத்தான்...”

யுஸ்மாரி தாளைப் பிய்த்து அதிகாரியின் சட்டையிலேயே அழுத்தி ஒட்டினாள்.

அங்கேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு ரோசல்பா, பானை தேய்க்கும் நாரை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

“வாங்க மேடம். சாப்பிட்டு முடிச்சதும் பானை உங்க பொறுப்பு. கரி ஒட்டியிருந்தா எங்க யுஸ்மாரி விடமாட்டா.”