தெரியுது டாக்டர்

போன செவ்வாய்க்கிழமை சிதம்பரத்துல ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன். அதுவும் பல் டாக்டர்கிட்ட. வாய்க்குள்ள இவ்வளவு கம்பியை வச்சுக்கிட்டுப் பொய் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?

இந்தப் பக்கத்தை விடாம படிக்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நடுவுல ஆறு வாரம் நான் எழுதல. வெளியூர் போயிட்டீங்களான்னு சில பேர் கேட்டிருந்தீங்க. எங்கயும் போகல. தாடையில ஆபரேஷன். முன்னால துருத்திக்கிட்டிருந்த கீழ்த்தாடையை அறுத்து, பின்னால நகர்த்தி, குட்டிக் குட்டித் தகடு வச்சு முடுக்கியிருக்காங்க. முப்பத்தேழு வயசுல உனக்கு இது தேவையான்னு கேட்காத சொந்தக்காரங்க பாக்கி இல்ல. பொறந்ததுலேர்ந்து முன்பல்லால எதையும் கடிச்சதில்ல நான். மெல்லுறப்பல்லாம் காதோரம் வலி வேற. தேவைதான்.

ஆபரேஷன் என்னவோ ஒரு நாள் வேலை. அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம், மாசம் தவறாம, கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு பஸ். க்ளிப் மாட்டி, கம்பி மாத்தி, இறுக்கி அனுப்புவாங்க. க்ளிப் போட்டா பல்லு அழகாயிடும்னுதானே எல்லாரும் நினைப்போம்? எனக்கு நாளுக்கு நாள் மோசமாச்சு... மூஞ்சி இன்னும் கோணலாத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட கேட்டா, அப்படித்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷமா பல்லெல்லாம் தாடைக் கோணலை மறைக்கிறதுக்காகச் சாய்ஞ்சு நின்னுச்சாம். அதை நிமித்தினா உள்ள இருக்குற கோணல் முழுசா வெளிய வருமாம். அப்பதான் எவ்வளவு நகர்த்தணும்னு சர்ஜனுக்குத் தெரியுமாம்.

யோசிச்சுப் பாருங்க — நம்ம வீடுகள்ல எத்தனை பேர் இந்தப் பல்லு மாதிரியே சாய்ஞ்சு நின்னு சமாளிச்சுக்கிட்டிருக்கோம்?

அந்த பஸ் பயணத்தை மட்டும் தினமும் குடுத்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஜன்னலோர சீட்டு. சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க வந்ததும் பாதிப் பேர் கண்ணைத் தொறக்காமலே ஷட்டரை இறக்குவாங்க. அந்த வாடை தாண்டினதும் மறுபடி ஏத்துவாங்க, அப்பவும் கண்ணு மூடித்தான் இருக்கும். முட்லூர்ல பரங்கிப்பேட்டை ஆளுங்க ஏறினா அத்தர் வாசனை வரும். அப்புறம் வெள்ளாத்துப் பாலம், தண்ணி மேல வெயில். நான் அரைத்தூக்கத்துல இருப்பேன். கனவுல எனக்கு வேற மூஞ்சி இருக்கும். அது பக்கத்து சீட்டுல உக்காந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். யாரோ என்னவோன்னு நான் கொஞ்சம் தள்ளி உக்காருவேன்.

ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சேன். வலி ஜாஸ்தி இல்ல. கீழ் உதடும் தாடையும்தான் இல்ல. கண்ணாடியில பார்த்தா இருக்கு, ஆனா எனக்கு அது இருக்குறது தெரியல. பல்லு புடுங்க ஊசி போட்டா மரத்துப் போகுமே, அந்த மரமரப்பு விடவே இல்ல. தாடைக்குள்ள ஓடுற நரம்பு அசங்கியிருக்கும், மெதுவாத்தான் உணர்ச்சி திரும்பும், சில பேருக்கு முழுசா வராமலும் போகலாம்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. அந்தக் கடைசி வரியை நான் சரியாக் காதுல வாங்கல. யாரு வாங்குறோம்?

கஞ்சியும் ஜூஸுமா பல வாரம் மெதந்துக்கிட்டே போச்சு. உடம்பு முழுக்க முழிச்சுக்கிட்டாலும் மூஞ்சியில கீழ்ப்பாதி மட்டும் எங்கயோ தூங்கிட்டிருந்தது. டீ வழிஞ்சா தெரியாது. எதிர்ல உக்காந்திருக்குற என் வீட்டுக்காரர் தன் தாடையைத் தொட்டுக் காட்டுவார், நான் துடைச்சுக்குவேன். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கேன், அதனால இன்னிக்கும் எனக்கு அவர் மாமாதான். மாமா சைகை இல்லைன்னா நான் தொலைஞ்சேன்.

எங்க பொண்ணு இனியாவுக்கு அஞ்சு வயசு. ஸ்கூல் வேன் ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தாடையிலதான் முத்தம் குடுப்பா. கன்னத்தைக் காட்டினா வேணாம்பா, ஏன்னு அவளுக்கே தெரியாது. நாலு மாசமா அந்த முத்தத்தை நான் பார்க்க மட்டும்தான் செய்றேன். தலை கிட்ட வருது, விலகுது, அவ்வளவுதான். ஒருநாள் வேன் போனதும் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நல்லா அழுதுட்டேன். கண்ணீர் கன்னம் வரைக்கும் சுட்டுச்சு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல.

ஆபரேஷனுக்கு அப்புறமும் சிதம்பரம் விடல. கடி ஒழுங்கா உக்காருதான்னு பார்க்கணும், மேல் பல்லையும் கீழ் பல்லையும் இழுத்துப் புடிக்க ரப்பர் மாட்டணும், மறுபடியும் மாசாமாசம் பஸ். ஒவ்வொரு தடவையும் கடைசியில டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்வாங்க. பஞ்சைத் திரிச்சு உதட்டுக்குக் கீழ தொட்டு, தெரியுதாக்கான்னு கேட்பாங்க.

முதல் மாசம் இல்லைன்னு சொன்னேன். அவங்க மூஞ்சி வாடிப் போச்சு. என்னைவிடப் பத்து வயசு சின்னப் பொண்ணு, ஒன்றரை வருஷமா என் ஒவ்வொரு பல்லுக்கும் பாடுபட்டிருக்காங்க. எனக்கு மனசு கேட்கல. ரெண்டாவது மாசம் லேசாத் தெரியுதுன்னேன். மூணாவது மாசம், "தெரியுது டாக்டர்." நாம அப்படித்தானே? கல்யாண வீட்டுல சாம்பார் உப்புக் கரிச்சாலும் சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டுத்தானே கை கழுவுறோம்? அவங்க சந்தோஷமா கார்டுல எழுதிக்கிட்டாங்க. நரம்புக்குக் குடுத்த மாத்திரையை நிறுத்தினாங்க. நான் தேங்க்ஸ் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

இப்ப போன செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன். வழக்கம்போல கண்ணை மூடினேன். ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அந்த நாற்காலியில சாய்ஞ்சா எனக்கு எப்பவும் லேசாத் தூக்கம் வந்துரும்...

"தெரியுதாக்கா?"

"தெரியுது டாக்டர்."



"நான் இன்னும் தொடவே இல்லக்கா."

கண்ணைத் தொறந்தேன். பஞ்சு அவங்க கையில, என் மூஞ்சிலேர்ந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. ஒரு கண்ணாடியை எடுத்து என் கையில குடுத்தாங்க. தாடையில இடது பக்கம் ரூபாய்க் காசு அளவுக்குச் செவந்து, லேசாக் கொப்பளிச்சிருந்தது. கடலூர் பஸ் ஸ்டாண்டுல அவசர அவசரமா ஒரு டீ குடிச்சேன், அதுதான். சூடா வழிஞ்சு, சுட்டு, கொப்பளிச்சு... எனக்குச் சேதியே வரல. அவங்க மட்டும் நான் உள்ள நுழைஞ்சதுமே பார்த்துட்டாங்க.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா எனக்கு சந்தோஷம்தான்க்கா. ஆனா நான் எழுதறதெல்லாம் தப்பாயிடும்ல?" அவ்வளவுதான் கேட்டாங்க.

அந்த ஒரு கேள்வியில நான் உடைஞ்சுட்டேன். இனியாவோட முத்தம் வரைக்கும் எல்லாத்தையும் கொட்டினேன். கார்டுல ரெண்டு வரியை அடிச்சுட்டு அவங்க புதுசா எழுதினாங்க. சூடா எதையும் குடிக்கக் கூடாதுன்னாங்க, மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சாங்க. திரும்ப வருமா டாக்டர்னு கேட்டேன். தெரியலக்கான்னாங்க. நானும் பொய் சொல்லல, அவங்களும் சொல்லல. அதிசயம் பாருங்க, நாலு மாசத்துல அன்னிக்குத்தான் பஸ்ல நிம்மதியாத் தூங்கினேன். எந்த மூஞ்சியும் கனவுல வரல.

சனிக்கிழமை சாயங்காலம் ஹால்ல உக்காந்து இதை எழுத ஆரம்பிச்சேன். பகல்ல பெஞ்ச மழைக்குக் கொசு பெருகிக் கிடந்தது. மாமா கொசு அடிக்கிற கரண்ட் பேட்டை வீசிக்கிட்டு வீடு முழுக்க சுத்திட்டிருந்தார், படபடன்னு பொரிஞ்சுக்கிட்டிருந்தது. நான் ரெண்டு வரி எழுதினேன், தாடையைச் சொறிஞ்சேன். இன்னும் ஒரு வரி எழுதினேன், மறுபடி சொறிஞ்சேன்.

அப்புறம்தான் என் கை நின்னுச்சு.

எதுக்குச் சொறியுறேன்? அரிக்குது. எங்க அரிக்குது? வலது பக்கம், உதட்டுக்கு ரெண்டு விரல் கீழ, கடுகு அளவு இடம். சுத்தி எல்லாம் மரத்துத்தான் கிடக்குது. அந்தக் கடுகு மட்டும் அரிக்குது. நான் அதைத் தொடாம, அது அரிக்கிறதை அப்படியே அனுபவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொசு கடிச்சதுக்கு ஆனந்தமா அழுத பொம்பளை கடலூர் மாவட்டத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மாமாவைக் கூப்பிட்டு, இங்க கடிச்சிருச்சுன்னு தாடையைக் காட்டினேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் பேட்டும் கையுமா நின்னுட்டார். கடிச்ச கொசு இன்னும் என் தலைக்கு மேலதான் பாடிக்கிட்டிருந்தது. அவர் கை தானா மேல போச்சு.

"மாமா... அதை மட்டும் விட்ருங்க."